வலைக்கு ஏது சட்டைப் பை?

"கல்யாணமா, சாவா?"

திருவேட்டக்குடிக் கடற்கரையில் நாங்கள் மூன்று பேர் கேமரா ஸ்டாண்டை மணலில் ஊன்றிக்கொண்டிருந்தோம். அந்த வழியாகக் கூடையோடு வந்த ஒரு பெரியவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் காரைக்காலிலிருந்து ஒரு போட்டோக்காரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு வந்தால் இரண்டில் ஒன்றுதான். மாலை போட்டவர் நின்றுகொண்டிருப்பார், அல்லது மாலை போட்டவரை நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பார்கள்.

"ரெண்டும் இல்லங்க. வலையப் படம் புடிக்க வந்திருக்கோம்" என்றேன்.

"வலையில என்னா மீனு?"

"மீனு இல்லங்க. சும்மா வலை."

பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். என் பக்கத்தில் குடை பிடித்து நின்ற மனிதரைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மனிதரையும் பார்த்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிடுங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

மீன் ஏலக் கொட்டகையின் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால், இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு வலை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு நேரே ஆறு அடி தள்ளி என் கேமரா. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த வலையை நாங்கள் விதவிதமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மூவருக்கும் அன்றைக்குப் புத்தி நன்றாகவே இருந்தது என்பதை நிரூபிக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஓரத்தில் நிற்பவர்கள்

எழுபதுகளின் கடைசிப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் என் ஸ்டுடியோ. கிழக்கு ஜெர்மனியில் செய்த கேமரா ஒன்று எனக்கு மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ வந்து சேர்ந்திருந்தது. அதோடு வந்த ஜெர்மன் லென்ஸுக்குக் காரைக்கால் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்குள் பூஞ்சணம் பூத்துவிட்டது.

ஈரத்தை அரிசி இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள். ராத்திரியில் லென்ஸை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். ஒருநாள் என் மனைவி உலை வைக்க அரிசி அள்ளும்போது லென்ஸும் சேர்ந்து முறத்துக்கு வந்துவிட்டது. "பொடைக்கவா, கல்லு பொறுக்கவா?" என்று கேட்டாள். அரிசி டின் வைத்தியம் அன்றோடு முடிந்தது. பூஞ்சணம் முடியவில்லை.

லென்ஸ் மோசமானால் படத்தின் நடுப்பகுதி ஓரளவு தப்பிக்கும். ஓரம்தான் முதலில் போகும். கல்யாணக் குரூப் போட்டோவில் நடுவில் நிற்பவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும். அவர்கள் எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஓரத்தில் நிற்பவர்கள் பங்காளிகள். ஏற்கெனவே ஏதோ ஒரு மனக்குறையோடுதான் அவர்கள் ஓரத்தில் வந்து நிற்பார்கள். அவர்கள் முகம்தான் படத்தில் கரைந்து போகும். "என்னைய வேணும்னே அழிச்சிட்டான்" என்று கடைக்கு வந்து சத்தம் போட்டவர்களை விரல்விட்டு எண்ணி முடியாது.

ஆகவே ஓரம் தெளிவாகத் தெரிகிற ஒரு லென்ஸ் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. ஊரில் அப்படி இரண்டு இருந்தன. இரண்டின் சொந்தக்காரர்களும் ஒரே டீக்கடை பெஞ்சில், ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே மரை

குடை பிடித்தவர் முசே சவரிநாதன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் சைகோன், அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். வரும்போது மார்சேயில் வாங்கிய ஒரு லென்ஸையும் கொண்டுவந்தார். அதற்கான கேமராவைக் கப்பலிலேயே யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லென்ஸ் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கைக்குட்டைப் பொட்டலம் ஹமீது பாயுடையது. அத்தர், குடை, டார்ச் விற்கிற பாரின் சாமான் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்த அவருடைய அண்ணன், அவர் வார்த்தையில் நானா, அனுப்பிய ஜப்பான் லென்ஸ் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது. அவரிடமும் கேமரா கிடையாது. அதை அடுத்த தடவை அனுப்புவதாக நானா எழுதியிருந்தார். அடுத்த தடவை வந்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

"பாய், உங்க ஜப்பான் லென்ஸ்ல எடுத்தா மனுசன் மூஞ்சி போலீஸ் ரிக்கார்டுல ஒட்டுன மாதிரி இருக்கும். பிரெஞ்சு லென்ஸ்ல எடுத்தாத்தான் மனுசன் மனுசனா இருப்பான்" என்பார் முசே.

"அல்லாவே! நீங்க என்னா சொல்றிய? இதுல எடுத்தா கொசுவோட மீசை தெரியும்."

"கொசு மீசைய வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே தங்கள் லென்ஸில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. கேமரா இருந்தவன் நான் ஒருவன்தான். என் ஜெர்மன் கேமராவில் இந்த மூன்று லென்ஸையும் திருகலாம். மூன்றுக்கும் ஒரே மரை. அந்த மூன்று நாடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த மரையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் லென்ஸைக் குடுங்க. எடுத்துப் பாத்து நான் தீர்ப்புச் சொல்றேன்." வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நிபந்தனையும் அங்கேயே பேசி முடிவானது. தோற்றவர் இனி ஆயுசுக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து லென்ஸைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஜெயித்தவரின் லென்ஸ் கல்யாண சீசன் முழுக்க என் கேமராவில் இருக்கும்.

ஆடு தின்ற ஓரம்

லென்ஸைச் சோதிக்கத் தட்டையான, பொடிப்பொடியான விவரங்கள் நிறைந்த ஒரு பொருள் வேண்டும். முதலில் செய்தித்தாளைத்தான் நினைத்தோம். ஸ்டுடியோவின் பின்சுவரில் நான்கு தாள்களை மைதாப் பசை போட்டு ஒட்டினேன். பிரெஞ்சு லென்ஸில் எடுத்தாயிற்று. ஜப்பானில் எடுத்தாயிற்று. ஜெர்மன் லென்ஸைத் திருகிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு ஆடு கீழ் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

மிச்சமும் பயன்படவில்லை. சுவர் காரை பெயர்ந்து மேடும் பள்ளமுமாக இருந்ததால் எழுத்து மங்கியதற்குக் காரணம் லென்ஸா சுவரா என்று தெரியவில்லை. தோல்வி யாருக்கு என்று தெரியாததால் இரண்டு பேரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முசேதான் வலை யோசனையைச் சொன்னார். "தம்பி, வலைய இழுத்துக் கட்டுங்க. கண்ணும் முடிச்சும் ஒரே அளவா ஓரம் வரைக்கும் போவும். எந்த லென்ஸுல ஓரத்து முடிச்ச எண்ண முடியுதோ அதுதான் லென்ஸு. ஆடும் திங்காது." அவர் வாழ்நாளில் சொன்ன நல்ல யோசனைகளில் அது ஒன்று.

வலையும் வள்ளமும்

அப்படித்தான் திருவேட்டக்குடிக்கு வந்து சேர்ந்தோம். தங்கராசு என்று ஒரு மீன்பிடிக்காரர் தன் வள்ளத்தின் பக்கத்தில் வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். "இந்த வலைதான் வேணுமா?" என்றார். முசே பிரெஞ்சுக்காரர்களின் வலைக் காதலைப் பற்றி ஏதோ எடுத்துவிட்டதும், சரி என்று அவரே கழியில் கட்டிக் கொடுத்தார். அந்தத் தயக்கத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். நான் வெளிச்சத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சு லென்ஸ் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். ஒரு பாய் அகலத்துக்கு வலையை மட்டும் எடுக்க நினைத்தால், அதில் பக்கத்து வள்ளத்தின் மூக்கும் சேர்ந்து வந்தது.

"பாத்தியளா! வலையப் பாருன்னா வள்ளத்தப் பாக்குது" என்று ஹமீது பாய் குதித்தார்.

"அது தாராள மனசு, பாய். பிரெஞ்சுக்காரன் எப்பவும் பக்கத்துல உள்ளவனையும் சேத்துப் பாப்பான்" என்றார் முசே. சைகோன்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் பாக்கெட்

படம் எடுத்த கதையை விட்டுவிட்டு இந்த இடத்தில் ஒரு பழைய அவமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது மங்கல் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மாற்றி வைத்தாலும் படம் அதே அழகோடு விழும். என்ன, இடம் வலமாகிவிடும். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி.

தொழிலுக்கு வந்த புதிதில் நெடுங்காட்டுக் கல்யாணம் ஒன்றில் அப்படி மாற்றிப் போட்டுவிட்டேன். தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பாள். கட்டிய பிறகு இடது பக்கம் மாறி உட்கார வேண்டும். என் ஆல்பத்தில் தாலி கழுத்தில் தொங்க, பெண் வலது பக்கமே இருந்தாள். பெண்ணின் பெரியப்பா ஆல்பத்தை மேஜையில் போட்டு, "இந்தப் படத்தின்படி இன்னும் கல்யாணமே ஆவல. பொண்ணைத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிடவா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. பிரிண்ட் போடும் முன்னால் ஆண்களின் சட்டைப் பையைப் பார்ப்பேன். பை இடது பக்கம் இருந்தால் படம் நேர். வலது பக்கம் இருந்தால் பிலிமைத் திருப்பி வைப்பேன். பல வருஷம் அந்த விதி என்னைக் காப்பாற்றியது. சட்டை போடாத கிழவர்களைத் தனியாகப் படம் எடுக்கும்போது மட்டும் சற்றுக் கவலையாக இருக்கும்.

தீர்ப்பு

மூன்று லென்ஸில் எடுத்ததையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

ஜெர்மன் படத்தில் மார்கழி மாதம். மூலைக்கு மூலை பனி.

பிரெஞ்சுப் படத்தின் நடுவைப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. நூலில் ஒட்டியிருந்த உப்புகூட மினுங்கியது. ஆனால் ஓரத்துக்குப் போகப் போக யாரோ கஞ்சியைக் கொட்டியது போல எல்லாம் குழைந்து கிடந்தது.

ஜப்பான் படத்தில் ஒன்றுக்கும் குறைவில்லை. ஓரத்து முடிச்சையும் ஒவ்வொன்றாக எண்ணினேன். கீழ் மூலையில் வலை கிழிந்து தடித்த நூலால் ஒட்டுப்போட்ட இடம்கூட அப்படியே தெரிந்தது.

ஜப்பான் என்று சொன்னேன். ஹமீது பாய் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முசே குடையை மடக்கினார். "மெர்சி" என்று பிரெஞ்சில் ஒரு நன்றி சொல்லிவிட்டு, தன் லென்ஸில் எடுத்த பிரிண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் பெஞ்சுப் பக்கமே வரவில்லை. ஜெயித்த பாய்க்கும் வாய் ஊமையாகிவிட்டது, சண்டை போட ஆள் இல்லாமல்.

நான் ஜப்பான் படத்தைக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டி, கீழே "ஜப்பான் லென்ஸ்" என்று எழுதி வைத்தேன். போட்டோவோடு வலையும் விற்கிறேனா என்று நான்கு பேர் வந்து விசாரித்தார்கள்.

அஞ்சலையக்கா

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர் அஞ்சலையக்கா. கீழவாஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வருவார். இன்றைக்குத் துறைமுகம் வந்து நிலக்கரி லாரி ஓடுகிற அந்த இடம் அப்போது வெறும் மணலும் பனையும்தான். அவருக்கு இடது கைப் பழக்கம். எங்கள் ஊரில் அதை நொட்டாங்கை என்போம், சாப்பிடுகிற வலது கை சோத்தாங்கை. மீனை வெட்டுவது, அள்ளுவது, நீட்டுவது எல்லாம் அக்காவுக்கு நொட்டாங்கைதான். தெருவில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். நானும் யோக்கியன் இல்லை.

"சோத்தாங்கையில குடுங்கக்கா" என்று ஒருமுறை சொன்னேன்.

"செத்த மீனுக்கு எந்தக் கையின்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்துக் கையை மாற்றிக் கொடுத்தார். முகம் வாடித்தான் போயிற்று. அதைப் பார்த்தும் பார்க்காதது போல நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த அக்கா ஒருநாள் காலையில் என் கடை வாசலில் கூடையோடு நின்றுவிட்டார். அவர் மூக்கு முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"ஸ்டுடியோக்காரரே, இந்த வலை ஏதுங்க?"

"திருவேட்டக்குடியில எடுத்ததுக்கா."

"இது எங்க வலைங்க. இந்த மூலையில பாருங்க, ஏழு கண்ணு ஒட்டு. தடிச்ச நூலு. நான் போட்டது."

ஆனி மாதம் சோழகக் காற்று தெற்கேயிருந்து வீசிக்கொண்டிருந்த ஒருநாள், அக்காவின் வீட்டுக்காரர் கடலில் வலையைப் பறிகொடுத்துவிட்டு வெறும் கயிறோடு கரைக்கு வந்திருக்கிறார். அவர்களிடம் இருந்தது அந்த ஒரு வலைதான். அன்றிலிருந்து அவர் பிறத்தியார் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அதுகூட அக்காவுக்குப் பெரிதாக இல்லை.

"அந்த மனுசன் நெதம் சோத்துல கைய வைக்கிறப்ப சொல்றாருங்க. 'உன் நொட்டாங்கை ஒட்டுதான் பிரிஞ்சி போயிருக்கு. வலை அங்கேருந்துதான் கிழிஞ்சி போயிருக்கு'ன்னு. நானும் அப்பிடித்தான்னு நெனச்சி அழுதுகிட்டு கெடந்தேன். இங்க பாருங்க, ஒட்டு அப்பிடியே இருக்கு! ஒரு முடிச்சு பிரியலைங்க!"

கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு ஏழு கண்களையும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "இது பொய் சொல்லாதுல்ல?" என்றார்.

"படம் பொய் சொல்லாதுக்கா. அதுவும் இது ஜப்பான்" என்றேன்.

எந்த எலி?

கடலில் வந்த வலையைக் கண்டெடுத்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட வேண்டும். அதுதான் கடற்கரை வழக்கம். தங்கராசு சொல்லவில்லை. விஷயம் இரண்டு ஊருக்கும் எட்டியதும் திருவேட்டக்குடி ஏலக் கொட்டகையில் கூடினார்கள். தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். சாட்சி நான். சாட்சிக்குத் துணை ஹமீது பாய், தன் லென்ஸ் நீதிமன்றம் ஏறுகிறது என்ற பூரிப்பில் அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார். கொட்டகையின் கடைசித் தூணில் முசேயும் சாய்ந்து நின்றார், கையில் சுருட்டிய ஒரு காகிதத்தோடு. அவரை யாரும் அழைக்கவில்லை.

வலையை நடுவில் விரித்தார்கள். ஒட்டு இருந்த இடத்தைக் காணோம். அங்கே புதிதாகப் பளீரென்று வெள்ளை நூலில் பின்னியிருந்தது.

"எலி கடிச்சிட்டுதுங்க. வெட்டிட்டுப் புதுசாப் போட்டேன்" என்றார் தங்கராசு.

"எந்த எலிடா அது? அவ்வளவு பெரிய வலையில ஏன் ஒட்டை மட்டும் தேடிக் கடிச்சிது?" என்று அஞ்சலையக்கா கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஆனால் தங்கராசு மசியவில்லை. பழைய ஒட்டும் தான் போட்டதுதான், தடித்த நூல் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது என்றார்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நாட்டாரய்யா, நான் நொட்டாங்கைக்காரி. எம் முடிச்சு இடப்பக்கம் சாயும். இவரு முடிச்சு வலப்பக்கம் சாயும். ரெண்டு பேரும் போட்டுக் காட்டுறோம். படத்துல உள்ளது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல."

அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையில் வலை ஊசியைப் பிடித்து அவர் முடிச்சுப் போட்டார். நாலு பேர் வாய் பொத்திச் சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை. முடிச்சு இடப்பக்கம் சாய்ந்தது. தங்கராசு போட்டது வலப்பக்கம் சாய்ந்தது.

நாட்டார் என் பூதக்கண்ணாடியை வாங்கி ஜப்பான் படத்தின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வலப்பக்கம் சாயுதும்மா" என்றார்.

நான் பிடுங்கிப் பார்த்தேன். ஏழு கண்ணிலும் முடிச்சு வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. கொசு மீசை தெரிகிற லென்ஸ், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அஞ்சலையக்கா என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். "நீங்கதானங்க சொன்னிய, படம் பொய் சொல்லாதுன்னு" என்றார். என் ஆயுசில் எந்தப் பங்காளியின் வசவும் என்னை அவ்வளவு சுட்டதில்லை.

பிரெஞ்சுக்காரர் பேசட்டும்

"நாட்டாரே!" என்று கடைசித் தூணிலிருந்து ஒரு குரல். "ஒரு லென்ஸைக் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொன்னா என்ன நியாயம்? பிரெஞ்சு லென்ஸு என்னா சொல்லுதுன்னு ஒருத்தரும் கேக்கலையே!"

முசே முன்னால் வந்து தன் பிரிண்டை விரித்தார். முடிச்சு எதுவும் தெரியாத அந்தக் கஞ்சி ஓரத்தைப் பார்த்து ஹமீது பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இதுல என்னா தெரியப் போவுது முசே, மானத்த வாங்காதிய."

ஆனால் நாட்டார் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "முசே படத்துல ஒட்டு தடிப்பா எடது மூலையில இருக்கு. ஜப்பான் படத்துல வலது மூலையில இருக்கு. ஒரே வலைதான? ஒட்டு நடந்தா போச்சு?"

கொட்டகையில் எல்லோரும் இரண்டு படங்களையும் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பு. ஒங்க பிரெஞ்சுதான் திருப்பிக் காட்டுது" என்றார் பாய்.

முசே தன் படத்தின் வலது விளிம்பில் விரலை வைத்தார். அங்கே தங்கராசுவின் வள்ளத்து மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளை பெயின்டில் எழுதிய 'முருகன் துணை'யில் 'முருக' வரைக்கும் படத்துக்குள் வந்திருந்தது. மங்கல்தான். ஆனால் எழுத்து நேராக இருந்தது, இடமிருந்து வலமாக, பள்ளிக்கூடத்தில் படித்தபடி.

"பக்கத்துல உள்ளவனையும் சேத்துப் பாக்கும்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஜப்பான் படத்தின் பிலிமை நான் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறேன். பிரிண்ட் போடும் முன்னால் சட்டைப் பையைப் பார்ப்பவன் நான். வலைக்கு ஏது சட்டைப் பை? தீர்ப்புச் சொன்ன நாளிலும் ஓரம் ஓரம் என்று பார்த்தேனே தவிர, எந்த ஓரம் என்று பார்க்கவில்லை.

இரண்டு ஊர் ஜனத்துக்கு முன்னால் எழுந்து நின்று, "தப்பு என் மேலங்க. படம் கண்ணாடியில பாக்குற மாதிரி மாறிப் போச்சு" என்று ஒப்புக்கொண்டேன். நெடுங்காட்டுக் கல்யாணக் கதையையும் சொன்னேன். அந்தக் கதையை நானாக வெளியே சொன்னது அன்றுதான். பிரிண்டைப் பின்பக்கமாகத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். காகிதம் வழியே வெளிச்சம் பாய்ந்தது. ஒட்டு இடது மூலைக்கு வந்தது. ஏழு கண்ணின் முடிச்சும் இடப்பக்கம் சாய்ந்தது.

நாட்டார் அண்ணாந்து பார்த்து, அஞ்சலையக்கா போட்ட முடிச்சைப் பார்த்து, மறுபடி அண்ணாந்து பார்த்தார். "அதானே! முன்னாடி பாத்தப்ப மத்த முடிச்செல்லாம் நொட்டாங்கையா இருந்துச்சே, நமக்குத் தோணலையே" என்றார். பிறகு தங்கராசுவிடம், "ஒன் வள்ளத்துலேருந்து முருகனே சாட்சி சொல்லிட்டான். இன்னும் எலியா?" என்று கேட்டார்.

தங்கராசு தலையைச் சொறிந்தார். "கடல்ல வந்துச்சுங்க. திருப்பிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

வலையைத் தங்கராசுவே தலையில் சுமந்து கீழவாஞ்சூர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

திரும்பும்போது பஸ்ஸில் பாயும் முசேயும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். "எம் லென்ஸு இல்லன்னா முடிச்சே தெரிஞ்சிருக்காது." "எம் லென்ஸு இல்லன்னா எந்தப் பக்கம்னே தெரிஞ்சிருக்காது." வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை என்ன ஆனது என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, "நீங்க பேசாதிய" என்றார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

ஒரு படம்

மறுநாள் அஞ்சலையக்கா கடைக்கு வந்தார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். எனக்கிருந்த வெட்கத்தில், ஜப்பான் பிலிமை ஒழுங்காக வைத்து, ராத்திரியே இன்னும் பெரிதாக ஒரு நல்ல பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

அக்கா அதைப் பார்த்தார். முகப்புக் கண்ணாடிக்குள் மறுபடி மாட்டியிருந்த பழைய படத்தையும் பார்த்தார்.

"அது வேணுங்க" என்றார்.

"அக்கா, அது தப்பாப் போட்ட படம். இதுதான் சரி."

"தெரியுமுங்க. சரியான படத்த நீங்க வச்சிக்கிங்க." அவர் கண்ணாடி மேல் விரலை வைத்து மூலையைக் காட்டினார். "இங்க பாருங்க. இதுல எம் முடிச்சு மட்டுந்தான் சோத்தாங்கை. ஊருல உள்ளவனுவ முடிச்செல்லாம் நொட்டாங்கை. இதக் கொண்டுபோயி அந்த மனுசன் சோறு திங்கிற எடத்துக்கு எதுக்க மாட்டணும்."

படத்தைக் கழற்றித் துடைத்து எடுத்து வந்தேன். அக்கா இடது கையை நீட்டினார். நீட்டியவர் சட்டென்று நினைவு வந்து, கூடையைக் கீழே வைத்துவிட்டு வலது கைக்கு மாற்றப் போனார்.

"அந்தக் கையிலயே வாங்கிக்குங்கக்கா" என்றேன்.